டைரக்டருக்கு மட்டும்

செல்போன் அலறியது.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த ஜ்யோத்ஸ்னா எடுத்தாள். தெரியாத எண்.

"ஹலோ?"

"டைரக்டர் மேடமா?"

கிசுகிசுப்பான குரல். ஆணா, பெண்ணா... தெரியவில்லை.

"இன்னிக்குத்தான் சார்ஜ் எடுத்துக்கறேன். யார் பேசறது?"

"படியில மட்டும் ஏறாதீங்க!"

"என்னது?"

"சுந்தரேசன் சார் வழுக்கி விழல மேடம். படியில வச்சு தள்ளிவிட்டாங்க. அடுத்தது நீங்க..."

கட்!

அவள் உள்ளங்கை வேர்த்தது. டெல்லி ஜனவரியில்!

லோதி ரோடு பக்கம் இருந்த அந்தப் பயிற்சிக் கல்லூரியில்தான் நாளைய கலெக்டர்கள் படித்தார்கள். அதன் டைரக்டர் சுந்தரேசன் ஆறு மாதம் முன்பு மாடிப்படியில் உருண்டு செத்தார். விபத்து என்று போலீஸ் ஃபைலை மூடிவிட்டது. அந்த நாற்காலிக்குத்தான் இப்போது இவள்.

ஜ்யோத்ஸ்னா லிஃப்டில் ஏறாதவள். எந்த ஆபீஸிலும் ஊழியர்களோடு பேசிக்கொண்டே படியேறுவாள். பத்திரிகையில்கூட அதைப் பாராட்டி எழுதியிருந்தார்கள்.

போகாமல் இருந்துவிட்டால்?

மிரட்டியவன் ஜெயித்துவிடுவான்.

போனாள்.

"நடுங்கறீங்களே மேடம்! ஹீட்டர் போடட்டுமா?" என்றான் டிரைவர் பாலு.

"குளிர் இல்ல பாலு. பயம்."

"அச்சா... அப்ப ஹீட்டர் வேஸ்ட்."

போர்ட்டிகோவில் மீனாக்ஷி காத்திருந்தாள். டைரக்டரின் பி.ஏ. பல டைரக்டர்களைப் பார்த்தவள்.

"வாங்க மேடம்! என்ன, முகமே வெளுத்திருக்கு?"

ஜ்யோத்ஸ்னா தணிந்த குரலில் போன் விஷயத்தைச் சொன்னாள்.

"ஐயோ!" மீனாக்ஷி வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு மேடம். சுந்தரேசன் சார் போனதும் இன்சார்ஜ் ஆனது யாரு?"

அவள் கண்கள் லாபிக்குள் பாய்ந்தன.

பூங்கொத்தோடு நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தார் பதிவாளர் கஸ்தூரிரங்கன்.

"நீங்க பேசாம லிஃப்ட்ல போயிடுங்க. டைரக்டருக்கு மட்டும்னு போர்டே இருக்கு. வேற யாரும் ஏற மாட்டாங்க. தனியா, சேஃபா போகலாம்!"

"வாங்கோ, வாங்கோ!" கஸ்தூரிரங்கன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "உங்க ரூம் நாலாவது மாடி. நீங்க லிஃப்ட்ல வாங்கோ. நான் படியேறி வந்துடறேன்."

படி!

ஜ்யோத்ஸ்னா அவர் காலைப் பார்த்தாள்.

"இந்த முட்டியோட நாலு மாடியா சார்?"

"என்ன பண்றது? ஆறு மாசமா லிஃப்ட்ல ராஜாவாட்டம் போயிண்டிருந்தேன். இன்னியோட என் ராஜ்யம் முடிஞ்சுடுத்தே!"

லிஃப்ட் கதவு திறந்தது.

உள்ளே கால் வைக்கப் போனவள் நின்றாள். இவர் கொலைகாரர் என்றால் மேலே போய்க் காத்திருப்பாரே! கண்ணெதிரில் இருப்பதே மேல். கொலைகாரர் இல்லை என்றால்... நொண்டுகிற மனுஷரைப் படியேறவிட்டு இவள் மட்டும் லிஃப்டிலா?

"சார், நீங்களும் வாங்க."

"மேடம்!" மீனாக்ஷி பதறினாள். "ரூல் ஒத்துக்காது..."

"ரூலை மாத்தறேன். அதான் என் முதல் ஆர்டர். அந்த போர்டைக் கழட்டச் சொல்லுங்க. சார், நீங்க முதல்ல ஏறுங்க."

"ரொம்ப தேங்க்ஸ்மா!"

கஸ்தூரிரங்கன் தாவாத குறையாக ஏறினார். பழக்க தோஷத்தில் விரல் நாலாம் எண்ணை அழுத்தியது. ஜ்யோத்ஸ்னா ஒரு காலைத் தூக்கினாள்...

"சார்ர்ர்! ஏறாதீங்க! வெளிய வாங்க!"

மீனாக்ஷியின் அலறல்!

அவள் பாய்ந்து அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். மூன்று பேரும் தரையில் விழுந்தார்கள். பூங்கொத்து சிதறியது.

காலி லிஃப்ட் கதவை மூடிக்கொண்டு கிளம்பியது.

ஒன்று... இரண்டு... மூன்று...

க்ரீச்ச்ச்!

தடாஆஆர்!

கட்டடமே அதிர்ந்தது. கதவு இடுக்கில் புழுதி கக்கியது.

ஜ்யோத்ஸ்னாவின் பற்கள் தந்தியடித்தன. ஆனால் மூளை விழித்துக்கொண்டது.

"அந்த போன் என்னை வீட்டுக்குத் துரத்த வரல. படியை விட்டு லிஃப்டுக்குத் துரத்த வந்தது. இல்லையா மீனாக்ஷி?"

மீனாக்ஷி எழுந்து பின்வாங்கினாள்.

"என்னைத் தனியா ஏறச் சொன்னீங்க. சார் ஏறினதும் அலறினீங்க!"

கஸ்தூரிரங்கன் விழித்தார். "மீனாக்ஷி... நீயா? ஏன்?"

"உங்களுக்காகத்தான் சார்!" வெடித்தாள் மீனாக்ஷி. "நான் காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டீங்க. ஒரு கேள்வி கேட்டிருப்பீங்களா? ஆறு மாசமா இந்தக் காலேஜை நடத்தினது நான்! சுந்தரேசன் என்னைத் தூக்கியடிக்கப் பார்த்தாரு. படியில வச்சு முடிச்சேன். இவங்க சொந்த பி.ஏ.வைக் கூட்டிட்டு வராங்களாம். அப்ப நான்? நேத்து ராத்திரி மெக்கானிக்குக்குக் காசு கொடுத்து லிஃப்ட் பிரேக்கைக் கழட்ட வச்சேன். நீங்க செத்தா நான் யாரை வச்சு சார் ஆளறது?"

"அப்போ நான்... டைரக்டரா இருக்கவே இல்லையா?"

உயிர் பிழைத்தவருக்கு அதுதான் கவலை!

பாலு போன் போட்ட கொஞ்ச நேரத்தில் சைரன் கேட்டது. போலீஸ் வேன் போர்ட்டிகோவில் வந்து நின்றது. பெண் போலீஸ் மீனாக்ஷியின் கையைப் பற்றினாள்.

வேன் படியில் கால் வைக்கத் தயங்கினாள் மீனாக்ஷி.

ஜ்யோத்ஸ்னா நடுக்கம் அடங்காத குரலில் சொன்னாள்:

"தைரியமா ஏறுங்க மீனாக்ஷி. இது உங்களுக்கு மட்டும்தான். வேற யாரும் ஏற மாட்டாங்க!"