அவரு எங்க ஊர்க்காரரு

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் யாராவது சாக்கு எடுத்துக்கொண்டு போவார்களா? பூபதியின் அப்பா எடுத்துக்கொண்டு போனார்.

அதுவும் உரம் வந்த வெள்ளைச் சாக்கு. அதைக் கழுவிக் காயவைத்து, நாலாக மடித்து, ஒரு கயிற்றையும் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றார்.

"அது எதுக்குங்கப்பா?" என்று பூபதி கேட்டான்.

"என்ன கண்ணு இப்படிக் கேக்கறே? மோட்டாரு வாங்கினா சாக்குலதானே கட்டிக்கிட்டு வாரோம்? இதும் ஒரு மிசினுதானே?"

பூபதி சுற்றுமுற்றும் பார்த்தான். நல்லவேளை, தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

அப்பாவின் பெயர் காளிச்சாமி. பெரியநாயக்கன்பாளையத்தில் சின்னதாக ஒரு மோட்டார் பட்டறை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அவருடைய நகக்கண்ணில் கறுப்பு போகாது. பூபதிக்கு அவரிடமிருந்து வந்தது காது. இரண்டு பேருக்கும் காது முறம் மாதிரி விடைத்துக்கொண்டு நிற்கும். தலையை எப்படி வாரினாலும் அதை மறைக்க முடியாது. பூபதி எல்லா விதமாகவும் வாரிப் பார்த்துவிட்டான்.

அது 1999ஆம் வருஷம். லேப்டாப் என்ற பேரையே ஊரில் பாதிப் பேர் கேள்விப்பட்டதில்லை. பூபதியின் அக்கா பூங்கொடிக்குத்தான் அது வேண்டியிருந்தது. அவள் சத்தியமங்கலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில், விடுதியில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை நேரம் என்பதால் அவளால் கடைக்கு வர முடியவில்லை. பட்டறைக்குப் போன் செய்து தம்பியிடம் சொன்னாள்.

"டேய், எங்க ரூம்ல பிளக் பாயிண்ட்டே கெடையாது. கீழே ஹால்லதான் இருக்குது. அங்க சார்ஜ் போட்டு, ரூமுக்கு எடுத்துக்கிட்டு வந்துதான் நான் எழுதோணும். பழைய லேப்டாப் போதும், புதுசு நம்மால முடியாது. ஆனா பேட்டரி நிக்கோணும். அதை மட்டும் மறக்காம பாத்துரு. அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது."

"நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியாப் படி" என்றான் பூபதி. ஆறாம் வகுப்புப் படிக்கிறவன் இப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிற ஒரே ஆள் அந்த வீட்டில் அவன்தானே.

அம்மா நாச்சியம்மாள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள். "இருபதாயிரத்துக்கு மேல போயிராதீங்க. இதுக்கு மேல நம்மகிட்ட இல்ல" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

காந்திபுரத்தில் இருந்த அந்தக் கடைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே ஏ.சி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாக்கையும் செருப்போடு விட்டுவிடுவார் என்று பூபதி எதிர்பார்த்தான். அப்பா விடவில்லை. அதை இன்னும் நன்றாக இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

கடைக்காரர் சாய்குமார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அப்பா அவருக்குக் கும்பிடு போட்டார்.

"ஏனுங்க, பழைய லேப்டாப்பு ஒண்ணு வேணுமுங்க. எம்பொண்ணுக்கு. உள்ள செம்பு எத்தனை கிலோ இருக்குமுங்க?"

"செம்பா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க. செம்பு அதிகமா இருந்தாத்தானே மிசினு நிக்கும்?"

பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது. அது பூபதிக்குப் பழக்கமான சிரிப்பு. எட்டிப் பார்த்தான். ஹாரிகா.

ஹாரிகா அவன் வகுப்பில் படிப்பவள். காரில் வந்து இறங்குபவள். கம்ப்யூட்டர் பரீட்சையில் எப்போதும் முதல் மார்க் வாங்குபவள். இது அவளுடைய அப்பாவின் கடை என்று பூபதிக்கு யார் சொன்னார்கள்? தெரிந்திருந்தால் வேறு கடைக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பான்.

"பூபதி, நீ எங்க இங்க?" என்று அவள் ஓடி வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தச் சாக்கு வெச்சிருக்கறவரு யாரு? உங்கப்பாவா?" என்று கேட்டாள்.

பூபதிக்கு முகம் சுட்டது.

"இல்ல" என்றான். "அவரு எங்க ஊர்க்காரரு. நான் சும்மா வேடிக்கை பாக்க வந்தேன்."

சொன்ன பிறகுதான், கடை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அவனுக்கு உறைத்தது. அப்பா திரும்பவில்லை. கக்கத்திலிருந்த சாக்கை மட்டும் மெதுவாக எடுத்து, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

கடைக்காரர் இரண்டு பழைய லேப்டாப்புகளை மேசையில் வைத்து, ஒயரைச் செருகி ஓட்டிக் காட்டினார். ஒன்று தடியாக, பெரிய திரையோடு இருந்தது. இன்னொன்று சின்னது, ஓரத்தில் ஒரு கீறலும் இருந்தது. இரண்டும் ஒரே விலை. இருபதாயிரத்துக்குள்தான்.

அப்பா ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். பட்டறையில் மோட்டாரைத் தூக்கிப் பார்ப்பது போலவே, கண்ணை மூடிக்கொண்டு எடை பார்த்தார். பெரியதை வைத்தார். சின்னதை எடுத்தார். மறுபடி பெரியதைத் தூக்கினார். முடிவு பண்ண முடியவில்லை. மெல்லத் திரும்பிப் பூபதியைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி" என்றார். "படிக்கிற பையனாட்டத் தெரியறீங்க. இதுல எது நல்லா இருக்குமுன்னு சொல்ல முடியுங்களா?"

தம்பி. தெரியறீங்க. சொல்ல முடியுங்களா.

கண்ணு என்றும் டேய் என்றும் கூப்பிடுகிற அப்பா, வழியில் போகிற யாரோ ஒரு பையனிடம் பேசுவது போல மரியாதையாகப் பேசினார். மகன் சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காகத்தான் அப்படிப் பேசினார். நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்று பூபதிக்கு இருந்தது.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் இல்லையா? ஆனால் ஹாரிகா பக்கத்திலேயே நின்றாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

"சரிங்க தம்பி" என்றார் அப்பா. கடைக்காரர் பக்கம் திரும்பினார். "கனமா இருக்கறதையே குடுத்துருங்க."

அவர் மடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். முடிச்சு இறுகியிருந்தது. கறுத்த நகத்தால் அதை நெம்பிக்கொண்டிருந்தார்.

பூபதி அந்தப் பெரிய லேப்டாப்பைப் பார்த்தான். பின்பக்கத்திலிருந்து ஒயர் சுவருக்குப் போனது. பேட்டரி? யாருமே பேட்டரியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் அவன்தான். ஆனால் ஊர்க்காரர் வாங்குகிற சாமானில் வேடிக்கை பார்க்க வந்தவன் எப்படித் தலையிடுவது? தான் சொன்ன பொய்யில் தானே வசமாக மாட்டிக்கொண்டான்.

பொங்கலுக்கு அக்கா வருவாள். "பேட்டரி பாத்தியாடா?" என்று கேட்பாள். அதை நினைத்தான். முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

"அப்பா" என்றான் பூபதி. "பணத்தைக் குடுத்துராதீங்கப்பா."

கடையில் இருந்த எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார்.

"ஊர்க்காரருன்னு சொன்னே?" என்றாள் ஹாரிகா.

"பொய் சொல்லிட்டேன். எங்கப்பாதான்."

"எதுக்குப் பொய் சொன்னே?"

"வெக்கமா இருந்துச்சு."

"இப்போ?"

"இப்பத்தான் ரொம்ப வெக்கமா இருக்குது" என்றான் பூபதி. அழுதுவிடுவோமோ என்று பயந்து, சட்டென்று கடைக்காரரிடம் போனான்.

"ஏனுங்க, அந்த ஒயரைப் புடுங்கிப்போட்டு ஒருக்கா பாக்கலாமுங்களா?"

கடைக்காரர் பெரிய லேப்டாப்பின் ஒயரைப் பிடுங்கினார். பிடுங்கிய அந்த நொடியே திரை இருண்டுபோனது.

"இதுல பேட்டரி போயிருச்சு தம்பி. பழசுதானே. மேசையிலேயே வெச்சு ஓட்டறவங்களுக்கு இது போதும். பெரிய திரைன்னு அவங்க இதைத்தான் கேப்பாங்க" என்றார்.

"எங்கக்கா ரூம்ல பிளக்கே இல்லீங்க. சின்னதைப் பாக்கலாமுங்களா?"

சின்னதன் ஒயரைப் பிடுங்கினார். திரை எரிந்துகொண்டே இருந்தது.

"எத்தனை நேரம் நிக்குமுங்க?"

"அதைச் சொல்ல முடியாதே."

"அப்ப நாங்க உக்காந்து பாக்கறமுங்க" என்றான் பூபதி.

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "தாராளமாப் பாருப்பா" என்று நாற்காலி போடச் சொன்னார்.

அப்பாவும் மகனும் லேப்டாப்பைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"நான் சொன்னது உங்க காதுல உழுந்துச்சுங்களாப்பா?" என்று பூபதி கேட்டான்.

"உழுந்துச்சு."

"கோவமாங்கப்பா?"

அப்பா யோசித்தார். "கோவமில்ல. மனசுக்குச் சங்கட்டமா இருந்துச்சு" என்றார். "சாக்கை ஊட்லயே உட்டுப்போட்டு வந்திருக்கலாம் போல."

"சாக்கு மேல ஒரு தப்பும் இல்லீங்கப்பா" என்றான் பூபதி. "நான்தான் தப்புப் பண்ணிப்போட்டேன். இனி அப்படிச் சொல்ல மாட்டனுங்க."

அப்பா அவன் தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். அந்தக் கையில் பட்டறையின் வார்னிஷ் வாடை அடித்தது.

ஹாரிகா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து, "சும்மா எரிய விட்டா எப்படி? ஓட்டிப் பார்த்தாத்தானே தெரியும்?" என்று லேப்டாப்பில் சீட்டு விளையாட்டை எடுத்தாள். மூன்று பேரும் மாறி மாறி ஆடினார்கள். அப்பாவுக்குச் சீட்டை நகர்த்தத் தெரியவில்லை. ஆனால் எந்தச் சீட்டை எங்கே வைக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தது. அவர் சொல்லச் சொல்லப் பூபதி நகர்த்தினான். ஹாரிகா தோற்றாள்.

டீ வந்தது. குடித்து முடித்து வெகுநேரம் கழித்தும் திரை எரிந்துகொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டுத்தான் அணைந்தது.

"இது போதுமுங்கப்பா. அக்கா ஒரு பாடம் எழுதி முடிச்சுருவா" என்றான் பூபதி.

"அப்ப இதையெல்லாம் கனம் பாத்து வாங்கப்படாதா?"

"வேண்டாமுங்கப்பா. மாடிக்கும் ஹாலுக்கும் தூக்கிக்கிட்டு அலையறது அக்காதானுங்களே."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பணத்தைக் கொடுத்தார்.

"பழசுங்கறதால அட்டைப்பெட்டி இல்லீங்க" என்றார் கடைக்காரர். "எதுல கொண்டு போவீங்க? வெளிய தூறல் வேற."

அப்பா வெளியே தூறலைப் பார்த்தார். சாக்கு அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

பூபதி போய் அதை அவர் கையிலிருந்து வாங்கினான். எல்லோரும் பார்க்க உதறி விரித்தான்.

"எங்ககிட்டச் சாக்கு இருக்குதுங்க" என்றான்.

ஹாரிகா சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டாள். பழைய செய்தித்தாளில் சுற்றிய லேப்டாப்பைப் பூபதி உள்ளே இறக்கினான். அப்பா சாக்கை மடித்துக் கயிறு கட்டினார். மேட்டுப்பாளையம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனாலும் அவிழாத கட்டு அது.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். பூபதிக்கு மட்டும் முன்பக்கத்தில் இடம் கிடைத்தது. சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்பா பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்டக்டர் வந்தார். "மூட்டை யாருதுப்பா? லக்கேஜ் டிக்கெட் போடோணும்."

"எங்கப்பாதுங்க" என்றான் பூபதி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் நிறுத்தவில்லை.

"அதா, பின்னாடி நிக்கறாரு பாருங்க, அவருதானுங்க. மோட்டார் பட்டறை வெச்சிருக்கறாரு. காளிச்சாமின்னு பேரு. எங்கப்பாங்க."

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் பூபதியைப் பார்த்தார், பின்னால் நின்றவரைப் பார்த்தார், மறுபடி பூபதியைப் பார்த்தார்.

"அதுக்கு ஏன் இத்தனை சத்தம்? காதைப் பாத்தாலே தெரியுதே" என்று சொல்லிவிட்டு, லக்கேஜ் போடாமலேயே நகர்ந்துவிட்டார்.

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கூட்டத்தைத் தாண்டி வந்தது.

"டேய் பூபதி, மூட்டையைக் கெட்டியாப் புடிச்சுக்கடா."

"சரிங்கப்பா" என்றான் பூபதி. சாக்கை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான்.