சிவப்புப் பல்

அந்த மெஷினுக்கு மூன்று வேலை தெரியும் என்றார்கள். பலகையைச் சீவும், துளை போடும், வட்டவாளால் அறுக்கும். ஆனால் றுஸைனாவின் வீட்டுக்கு வந்த இரண்டு கிழமையில் அது ஒழுங்காகச் செய்தது ஒரே வேலைதான். பலகையைக் கருக்கிப் புகை விட்டது.

நாவுலயில் மழை விட்டபாடில்லை. தகரக் கொட்டிலுக்குள் நின்றுகொண்டு வாப்பா நளீம் கருகிய பலகைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அவர் மரவேலைக்காரர் அல்ல, மரக்கறி லொறி ஓட்டியவர். போன மழையில் மேட்டு மண் சரிந்து லொறியை மூடிவிட்டது. அதற்குப் பிறகு ஓர் உதவி நிறுவனம், ஏதாவது தொழில் செய்யுங்கள் என்று இந்த மெஷினைக் கொடுத்தது. ஸ்டியரிங் பிடித்த கைக்கு வாளைப் பற்றி என்ன தெரியும்? கூட வந்த புத்தகமோ முழுக்கச் சீன எழுத்து.

டவுனில் தச்சு வேலை செய்யும் மர பாஸ் ஒருவரிடம் போய்க் கேட்டார். அந்த மனிதர் சிரித்துவிட்டு, "ஆடத் தெரியாதவன் மேடை கோணல்னு சொன்னானாம்" என்றார். அன்றிலிருந்து வாப்பா யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

பள்ளிவாசல் மத்ரஸாவுக்குப் பன்னிரண்டு சின்ன மேசைகள் தேவைப்பட்டன. "முதல்ல ஒன்னு செஞ்சு வெள்ளிக்கிழமை கொண்டாங்க. நல்லா இருந்தா மத்ததும் ஒங்களுக்குத்தான்" என்று பள்ளிவாசல் பொறுப்பாளர் பலீல் ஹாஜியார் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை அந்த விபரீதம் நடந்தது.

வாப்பா பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தார். வாள் கிறீச்சென்று கத்தியது. அடுத்த நொடி பலகை பின்னோக்கிப் பாய்ந்து, வாப்பாவின் இடுப்பை உரசிக்கொண்டு போய்த் தகரத்தில் மோதி விழுந்தது. தகரம் குழிந்தே போனது.

உம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். வாப்பாவின் கைகளைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"யா அல்லாஹ்! போதும், இந்தச் சனியன் நமக்கு வாணாம். கை போனா என்ன செய்யிறது?"

வாப்பா பிளக்கைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"சரி ஸஜீதா. ஒன் தம்பிக்கிட்டச் சொல்லு, நான் கட்டாருக்கு வாறேன்னு."

உம்மாவின் தம்பி றிகாஸ் மாமா கட்டாரில் இருந்தார். வாப்பாவுக்கும் அங்கே ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். போனால் இரண்டு வருடம். இரண்டு வருடத்தில் றுஸைனா ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போய்விடுவாள். தம்பி ஹுஸ்னிக்கு வாப்பாவின் முகமே போனில் பார்க்கும் முகமாகிவிடும். அன்று றுஸைனாவுக்குச் சோறு இறங்கவே இல்லை.

மறுநாள் பாடசாலை விட்டு வந்தபோது வாப்பா கொட்டிலுக்குள் இருந்தார். மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாராம். ஆனாலும் மனசு கேட்கவில்லை போலும், கையில் அளக்கும் அடிமட்டம் இருந்தது.

வாளுக்குப் பக்கத்தில் நீளமாக ஓர் இரும்புத் தடுப்பு உண்டு. அதைக் கைட் என்பார்கள். பலகை அதில் சாய்ந்துகொண்டுதான் வாளுக்குள் போகும். கைட் வாளுக்கு நேராக இல்லாவிட்டால் பலகை நடுவில் இறுகிவிடும்.

"இங்க பாரு" என்றார் வாப்பா, யாரிடமோ வழக்குப் பேசுவதுபோல. "கைட்டுல இருந்து வாளோட முன்பக்கத்துக்குப் பத்து சென்ரிமீற்றர். பின்பக்கத்துக்கும் பத்து. நேராத்தானே இருக்கு! பொறகு ஏன் புடிக்குது? பேய் புடிச்ச மெஷின்!"

"நான் கிட்ட வரவா, வாப்பா?"

"பிளக் எங்க இருக்குன்னு பாத்துட்டு வா."

பிளக் ஆணியில் தொங்கியது. றுஸைனா கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். ஹுஸ்னியும் அவள் கைக்குக் கீழே தலையை நுழைத்தான். அவனுக்கு முன்பல் விழுந்து புதுப் பல் கோணலாக முளைத்துக்கொண்டிருந்தது.

"தாத்தா, வாளுக்கும் என்னைப் போல பல்லு!" என்றான் ஹுஸ்னி. அக்காவை அவன் தாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

"ஒன்னை விட மோசம்டா. ஒரு பல்லு இந்தப் பக்கம் சாயுது, அடுத்தது அந்தப் பக்கம்."

சொல்லிவிட்டு றுஸைனா அப்படியே நின்றாள்.

"வாப்பா, முன்னுக்கு எந்தப் பல்லுல வெச்சு அளந்தீங்க?"

"பல்லுன்னா பல்லுதான். கிட்ட இருந்த பல்லு."

"பின்னுக்கு?"

"அங்க இருந்த பல்லு. என்ன கேள்வி இது? போய்ப் பாடத்தைப் படி!"

றுஸைனாவின் கண் கலங்கியது. ஆனால் அவள் போகவில்லை.

"எங்க கிளாஸ்ல உயரம் அளக்கிற நேரம் எல்லாரையும் சப்பாத்தைக் கழட்டச் சொல்லுவாங்க. ஒருத்தி சப்பாத்தோட நின்னா, மத்தவ சும்மா நின்னா, அளவு பிழைச்சிரும்தானே? நீங்க முன்னுக்குக் கைட் பக்கம் சாயிற பல்லுல அளந்து, பின்னுக்கு மத்தப் பக்கம் சாயிற பல்லுல அளந்திருந்தா?"

வாப்பா அடிமட்டத்தைப் பார்த்தார், வாளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப என்ன செய்யலாம்ங்கிறாய்?" என்றார்.

"ஒரே பல்லால ரெண்டு பக்கமும் அளப்போம்."

ஐம்பது பல்லில் ஒன்றை எப்படி அடையாளம் வைப்பது? றுஸைனா உள்ளே ஓடி, பெருநாளைக்குப் பூசிய சிவப்பு நகப்பூச்சைக் கொண்டுவந்தாள். வாப்பா அதை வாங்கி ஒரு பல்லில் ஒரு பொட்டு வைத்தார்.

"வாளுக்கு மாப்பிள்ளை வாறாராமா?" என்று ஹுஸ்னி கேட்டான். இரண்டு கிழமைக்குப் பிறகு வாப்பா சிரித்தார்.

சிவப்புப் பல்லை முன்னால் வைத்து அளந்தார்கள். சரியாகப் பத்து. வாப்பா பெல்ட் சக்கரத்தைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் அளந்தார். பத்துக்கு ஒரு மில்லிமீற்றர் குறைவு.

"அடேங்கப்பா!" வாப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பின்னால ஒடுங்கிப் போயில்ல கிடக்குது! பலகை உள்ள போய் நெருக்குப்பட்டு, அதான் என்னை உதைச்சிருக்கு."

அந்த பாஸ் சொன்னது பழமொழிதான். ஆனால் இங்கே மேடை உண்மையாகவே கோணல்.

வாப்பா நட்டைத் தளர்த்தி, சுத்தியலால் கைட்டைச் செல்லமாகத் தட்டினார். அளந்தால் சரி. நட்டை இறுக்கியதும் கைட் மறுபடி நகர்ந்துவிட்டது. மறுபடி தளர்த்தல், மறுபடி தட்டல். வாப்பா வாய்க்குள் முணுமுணுத்தார். நான்காம் தடவை, இறுக்கிய பிறகும் சிவப்புப் பல் இரண்டு பக்கமும் பத்து காட்டியது. மாலைத் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்டது. மழை இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

தொழுதுவிட்டு வந்த வாப்பா வாளுக்கு மூடியைப் போட்டார். பலகையைத் தள்ளுவதற்கு ஒரு கட்டையை எடுத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள போங்க. கதவைச் சாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் பிளக்கை மாட்டினார்.

றுஸைனா ஜன்னலுக்கு ஓடினாள். உம்மா ஏற்கனவே அங்கே நின்று துஆ ஓதிக்கொண்டிருந்தாள். வாள் சுழன்றது. பலகை உள்ளே போனது. கிறீச் இல்லை, புகை இல்லை. பலகை இரண்டாகி மறுபக்கம் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் உம்மா. ஆனால் அவள் முகம் தெளியவில்லை. "ஒரு பலகை அறுத்தாப்போல ஆச்சா? றிகாஸ் இப்ப பேசுவான்."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. உம்மா போனை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். றுஸைனாவும் பின்னாலேயே போனாள்.

வாப்பா வாளை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டுப் போனை வாங்கினார்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. நான் வரல்ல. ...இல்ல, பயமில்ல. நாளைக்கு ஒரு மேசை குடுக்கணும். அது புடிச்சிட்டா இன்னும் பதினொன்னு இருக்கு. ...புடிக்கல்லன்னா? இன்னொன்னு செய்வேன். இப்ப பிழை எங்கன்னு தெரியும்தானே."

றுஸைனாவுக்குக் கட்டுப்படுத்த முடியவில்லை. விம்மி விம்மி அழுதாள்.

"என்ன மகள், கண்ணுல தூள் விழுந்திச்சா?"

"இல்ல, வாப்பா. அழுறேன்."

வாப்பா போனை உம்மாவிடம் நீட்டினார். றுஸைனா அழுது முடியும்வரை எங்கும் போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.