மூன்றாவது ஓட்டை!

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...

பயூமி ரொட்டியை ஃபூல் அவரைக் கூட்டில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து செல்போன் அலறியது.

"உஸ்தா! மறுபடியும் ஒழுகுது!"

படகு முதலாளி ரஸ்லான். அவன் குரலுக்கு போனே தேவையில்லை. மாடியில் ஏறிக் கத்தினால் அல்புர்ஜ் படகுத்துறை முழுக்கக் கேட்கும்.

"நேத்து அடைச்ச இடமா ஹாஜி?"

"இல்லய்யா! வேற இடம்! நாலு நாள்ல மூணாவது ஓட்டை! நாளன்னிக்கு மீன்பிடித் தடை முடியுது... நான் கடலுக்குப் போகணும்! சோப்பை எடுத்துக்கிட்டு ஓடி வா!"

ஓடினான். அந்தத் துறையில் டீசல் டாங்க் ஓட்டையை அடைக்கத் தெரிந்த மெக்கானிக் உஸ்தா அவன் ஒருவன்தான்.

'நூருல் பஹர்' விசைப்படகின் இஞ்சின் அறை. ஆளுயர இரும்பு டாங்க். அதன் அடியிலிருந்து டீசல் மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பயூமி பச்சை சோப்பைப் பிசைந்து துளையில் திணித்தான். ஒழுக்கு நின்றது.

"இது ரெண்டு நாள் தாங்கும் ஹாஜி. அலை அடிச்சா பிச்சுக்கும். டீசலை இறக்கி, மூடியைத் திறந்து, உள்ளே கழுவி, தகடு வச்சு வெல்டு பண்ணிடலாம். ஒரே நாள் வேலை."

"மூடியைத் தொட்டே... கை இருக்காது!"

"ஒழுகினா திறக்கத்தானே..."

"சொன்னதை மட்டும் செய்!"

மூன்று முறை கேட்டாயிற்று. மூன்று முறையும் இதே பதில். முதலாளி உத்தரவில்லாமல் ஒரு நட்டைக்கூடத் திருப்ப முடியாது.

"ஐயோ! விடுங்கடா!"

மேல்தளத்தில் ஒரு பெண்ணின் அலறல்!

ரஸ்லானின் ஆட்கள் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

"படிக்கட்டு ஓரமா ஒளிஞ்சிருந்தா ஹாஜி!"

ஸனிய்யா. இந்தப் படகை ஓட்டிய கரீபின் மனைவி. ஐந்து வாரமாகக் கரீபைக் காணோம். இத்தாலிக்கு ஓடிவிட்டான் என்றது ஊர். எவளோடோ ஓடிவிட்டான் என்றான் ரஸ்லான். ஸ்டேஷனில், 'வந்துடுவான், போம்மா' என்றார்கள். தினமும் காலையில் துறையில் நின்று வருவோர் போவோரையெல்லாம் கேட்டாள். இப்போது அவளைக் கண்டாலே எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். விதவைக் கறுப்பு உடுத்துவதா, வேண்டாமா... அதுகூடத் தெரியாமல் கிடந்தாள், பாவம்!

"அவரு கடைசியா இந்தப் படகுலதான் ஏறினாரு! தேட வந்தேன்!"

"தேட வந்தியா, துளை போட வந்தியா? ஓட்டை வட்டமா இருக்கு... ட்ரில் போட்டிருக்கே! டேய், போலீஸைக் கூப்பிடுடா!"

அவள் பயூமியின் காலைப் பிடித்தாள்.

"உஸ்தா! நீங்களாவது சொல்லுங்க! நானா செஞ்சேன்?"

பயூமி தலையைக் குனிந்துகொண்டான்.

சீ! இவனும் ஒரு ஆம்பளை!

அரை மணி நேரத்தில் போலீஸ் அதிகாரி தலாத் வந்து இறங்கினார். துறைக்காரர்களுக்கு அதிகாரி என்றாலே 'பாஷா'தான்.

"மூணு வருஷம் உள்ளே தள்ளுங்க பாஷா!" ரஸ்லான் குதித்தான். புகாரை எழுதியே நீட்டினான்.

தலாத் வாங்கிப் படித்தார். "உஸ்தா, துருவா, ட்ரில்லா?"

"மூணையும் சோப்பு வச்சு அப்பிட்டேன் பாஷா. உள்பக்கம் பார்த்தாதான் அடிச்சுச் சொல்ல முடியும்."

"அப்ப திற."

ரஸ்லானின் முகம் வெளுத்தது.

"வே... வேண்டாம் பாஷா! பொம்பளை, பாவம்... புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்!"

"இப்பதானே மூணு வருஷம்னு குதிச்சீங்க?"

"மன்னிச்சுட்டேன்!"

"ரொம்பப் பெரிய மனசு. வாபஸ்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவசர அவசரமாகப் போட்டான். தலாத் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"உஸ்தா, மூடியைத் திற."

"நான்தான் வாபஸ் வாங்கிட்டேனே!"

"புகார் போச்சு ஹாஜி... என் சந்தேகம் போகலையே!"

டீசலை டிரம்களில் இறக்க இரண்டு மணி நேரம். பிறகு பதினாறு நட்டுகள். ஸனிய்யா ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு தரையில் கிடந்தாள். என்னவென்று வேண்டிக்கொள்வது? உள்ளே அவன் இருந்தால் அவள் விதவை. இல்லாவிட்டால் நாளையும் இதே துறை... இதே கேள்வி...

மூடி விலகியது. பயூமி டார்ச் அடித்தான். டார்ச்சைத் தலாத்திடம் நீட்டினான்.

தலாத் எட்டிப் பார்த்தார்.

நங்கூரச் சங்கிலி சுற்றிய ஓர் உடல்! தலையில் நீலக் கம்பளித் தொப்பி!

"நான் பின்னினது..." என்றாள் ஸனிய்யா. அவ்வளவுதான். அழக்கூட முடியவில்லை அவளால்.

ரஸ்லான் ஓடப் பார்த்தான். விலங்கு விழுந்தது.

"நடுக்கடல்ல கள்ளத்தனமா டீசல் விக்கறதைப் போலீஸ்ல சொல்லிடுவேன்னு மிரட்டினான் பாஷா... ஒரு அடிதான் அடிச்சேன்! தடை முடிஞ்சதும் ஆழத்துல தள்ளிடலாம்னு..."

"சரி, ஓட்டை போட்டது யாரு? நீயாம்மா?"

"அல்லா மேல சத்தியமா இல்லை!"

"நான்தான் பாஷா," என்றான் பயூமி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"போன வாரம் ஃபில்டர் மாத்தினப்ப நீலக் கம்பளி நூல் சிக்கிச்சு. கரீப் தொப்பி நிறம். உங்க ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்தேன். டீசல்ல குப்பை வராம ரோஜாவா வரும்னு ஏட்டு சிரிச்சாரு. ஒழுகினாதானே டாங்க்கைத் திறப்பாங்க? மத்தியானத் தொழுகைக்கு எல்லாரும் போனப்ப ட்ரில் போட்டேன். இவன் சோப்பு, சோப்புன்னே ஓட்டினான். நானும் விடாம மூணு போட்டேன்."

ஸனிய்யாவின் பக்கம் திரும்பியவன் குரல் உடைந்தது. "மன்னிச்சுடும்மா. அப்பவே நான்தான்னு சொல்லியிருந்தா என்னை மட்டும் அடிச்சு விரட்டிட்டு, படகைக் கிளப்பியிருப்பான். கரீப் உனக்குக் கிடைச்சே இருக்க மாட்டான்."

அவள் அவன் கைகளைப் பற்றிக்கொண்டாள். இப்போதுதான் அழுகை வந்தது.

"கேட்டீங்களா பாஷா!" ரஸ்லான் விலங்கோடு துள்ளினான். "அவனே ஒத்துக்கிட்டான்! என் டாங்க்கை நாசம் பண்ணினவன்! இவனையும் பிடிச்சு உள்ளே போடுங்க!"

தலாத் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

"எதை வச்சுப் பிடிக்கறது ஹாஜி? புகாரைத்தான் வாபஸ் வாங்கிட்டீங்களே!"