கரை தொடாத காட்சி

அறிவுமதி லேப்டாப்பும் கேமராவுமாகச் சிதம்பரத்தில் பஸ் ஏறினாள். கல்லூரிக்காக அவள் எடுத்த குறும்படத்தில் நடித்த செம்பியன், படப்பிடிப்பு முடிந்த மறுவாரம் மீன்பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. படத்தை அவன் அம்மாவுக்குக் காட்டாமல் வேறு யாருக்குக் காட்டுவது?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்த கடைசி வீடு அவனுடையது. சுவரில் அவன் அலையில் சறுக்கும் சர்ஃப் போர்டு சாய்ந்திருந்தது. அவன் அம்மா முத்தம்மாள் லேப்டாப் முன்னால் கண் கொட்டாமல் உட்கார்ந்தாள்.

வசனமே இல்லாத படம். செம்பியன் அலைமேல் நின்று சறுக்கி வருவான். கரையைத் தொடப்போகும் நொடியில் காட்சி வெட்டுப்படும். மறுபடி நடுக்கடலில் இருப்பான். முடிவே இல்லாத அலை என்பது அறிவுமதியின் யோசனை. அதைச் சொன்னபோது என்னமோ பெரிய புதுமை என்று வகுப்பே கைதட்டியது.

"ஏம்மா, எம்புள்ள ஒருவாட்டி கூட கரைக்கு வரலியே?"

"அப்புடித்தாம்மா எடுத்தோம்."

"அதான் தெனம் பொழுது சாயறப்ப வரான். கரைகிட்ட வந்ததும் காணாம பூடுறான்." முத்தம்மாள் குரல் இறங்கியது. "நீயே கூட்டியாந்து வுடும்மா."

பெற்ற மனம் பேதலித்துவிட்டது என்றுதான் அறிவுமதி நினைத்தாள். இந்த முறை வெட்டாமல் கடலை எடுத்துக் காட்டினாலாவது ஆறுதலாக இருக்கும். கேமராவோடு மணலில் இறங்கிப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

வெளிச்சம் மங்கியது. காற்று நின்றது. போர்டில் தேய்க்கும் மெழுகின் வாசனை எங்கிருந்தோ வந்தது.

கேமராத் திரையில் ஓர் அலை எழுந்தது.

அதன்மேல் அவன்.

ஐயோ, அதே சிரிப்பு! கரை நெருங்க நெருங்க, பழக்க தோஷத்தில் 'கட்' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அலை உடைந்தது. திரையில் வெறும் நுரை.

ஈரக் கால்கள் மணலில் பதியும் சத்தம் அவளைக் கடந்து போனது.

வீட்டுக்குள்ளிருந்து முத்தம்மாள் குரல் கேட்டது. "வந்துட்டியாடா? தலைய தொவட்டு, சோறு போடறேன்."

அறிவுமதி மணலிலேயே உட்கார்ந்து அழுதாள். அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள். படம் திரையிடும் அன்று சொல்லலாம் என்று நாளைக் கடத்தியவள்.

காதோரம் உப்புக் காற்று சில்லென்று பட்டது.

"மதி... அம்மாவ பாத்துட்டேன். கட் சொல்லு. நான் போவணும்."

ஒரே ஒரு சொல். அதுதான் அவளால் முடியவில்லை. சொன்னால் போய்விடுவானே, எப்படிச் சொல்வாள்?

சிதம்பரம் அறைக்கு வந்ததும் கேமராவின் பேட்டரியைக் கழற்றி வைத்தாள்.

சிவப்பு விளக்கு அணையவில்லை.

இன்றும் பொழுது சாயும்போது அறைத் தரையில் ஈர மணல் கிடக்கிறது. அவள் அதைப் பெருக்குவதில்லை.