தடை உண்டா, தடையில்லையா

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் நெருங்கி உட்காருங்கள். பயந்தால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கை இருக்கட்டும். இன்று சொல்லப்போவது ரத்தம் சிந்தும் கதை. பாதியில் உங்களைத் தனியே விட்டுவிட்டு நான் எழுந்து போகமாட்டேன், சரிதானா?

தூத்துக்குடி ஒப்புதல் மன்றத்தின் கண்ணாடிக் கூடத்தில் உப்பள மேஸ்திரி சங்கரபாண்டி எழுந்து நின்றார். "எனக்குத் தடை உண்டு" என்றார்.

சொல்லி வாயை மூடவில்லை, குடம் கவிழ்ந்தாற்போல் வாய்வழியே ரத்தம் கொட்டியது. வலது விலாவைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்தார். அவர் சட்டைக்குள் ஏதோ நெளிந்தது. கொஞ்ச நேரம் அதுவும் அவரும் சேர்ந்து துடித்தார்கள். பிறகு இரண்டும் அடங்கின.

"அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி!" பக்கத்து நாற்காலியில் இருந்த ரோசலி அவரைப் புரட்டினாள். அவள் சேலை முழங்கால்வரை நனைந்துவிட்டது.

மேசைக்கு எதிரே சுவரில் பதித்திருந்த பதிவி, அதுதான் மன்றத்தின் கண்ணும் செவியும் வாயுமான இயந்திரம், அமைதியாகச் சொன்னது: "ஒருமுறை பதிவானது. மும்முறை சொல்லப்படவில்லை. ஏற்கப்படவில்லை. அடுத்த மெய்ந்நடுவர் எழலாம்."

அடுத்த மெய்ந்நடுவர் ரோசலிதான். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவள், கண்கள் மஞ்சளித்து வேலையை விட்டவள்.

அந்தக் காலத்தில் கடல் ஏறிவந்து கிணறுகளில் கலந்திருந்தது. அந்தத் தண்ணீரில் பெருகிய ஒரு புழு ஈரலுக்குள் போய்ப் பித்தம் இறங்கும் நாளத்தை அடைத்தது. வீட்டுக்கு ஒருவர் மஞ்சள் கிழங்காகிச் செத்தார்கள். பழைய நெகிழிக் குழாயை விலாவழியே செருகிப் பித்தத்தை வெளியேற்றினால் அதுவும் சீக்கிரமே அடைத்துக்கொண்டது. அப்போதுதான் மருத்துவர் வைகுண்டமணி பித்த வடிகுழலைச் செய்தார். கோழி இறகின் காம்பளவு தடிமன். ஒரு முனை ஈரலுக்குள்ளே, மறுமுனை விலாவுக்கு வெளியே ஒரு சின்னப் பையில். உள்முனையில் அரிசியளவு அறிவுமணி, அதைச் சுற்றிப் பற்கள். நோயாளியின் பேச்சை அது எலும்புவழியே கேட்கும். "வலிக்கிறது" என்றால் தளரும், "அடைக்கிறது" என்றால் மெல்ல முன்னேறி அடைப்பைக் கடித்துத் தின்னும். சனங்கள் அதை அட்டை என்றார்கள்.

அதற்கு ஒப்புதல் தருவதா வேண்டாமா என்பதுதான் அன்றைய விசாரணை. அதைச் சாதாரண அதிகாரிகள் தரமுடியாது. முன்பொருமுறை, உடம்பில் ஒரு நோவும் இல்லாத அதிகாரிகள் ஒரு கெட்ட குழாய்க்குக் கையெழுத்துப் போட்டார்கள், பிள்ளைகள் செத்தன. சனங்கள் அந்த அதிகாரிகளை உப்பளத்துக்கு இழுத்துப்போய், உப்பு வாரும் பலகையாலேயே அடித்துக் கொன்றார்கள். வெள்ளை உப்பு அந்தப் பருவம் முழுக்கச் சிவப்பாக விளைந்தது என்பார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் மெய்ந்நடுவர் சட்டம். நோய் உள்ளவர், அந்தக் கருவியைத் தன் உடம்பில் சுமப்பவர், அவர் மட்டுமே தீர்ப்புச் சொல்லலாம். எழுத்தைத் திருத்திவிடுவார்கள் என்பதால் வாயால் சொல்லவேண்டும். "எனக்குத் தடை உண்டு", அல்லது "எனக்குத் தடையில்லை". மூன்று முறை. வாய் திறக்காதவருக்குத் தடையில்லை என்று பொருள். நோயாளிக்கே வாய் கொடுத்த சட்டம் என்று ஊர் வெடி போட்டுக் கொண்டாடியது.

இப்போது அதே ஊர் வெளியே நின்றது. மஞ்சள் கண்களோடு மனைவிகளையும் அப்பன்களையும் தள்ளுவண்டிகளில் கிடத்திக்கொண்டு நின்றது. பதிவி ஏற்கும் அந்த இரண்டு சொற்றொடர்கள் மட்டும்தான் வெளி ஒலிபெருக்கியில் கேட்கும். கண்ணாடியில் உப்புப் படிந்து மங்கியிருந்ததால் சங்கரபாண்டி செத்தது அவர்களுக்குத் தெரியாது. "தடை உண்டு" என்றது மட்டும் கேட்டது. முதல் கல் கண்ணாடியில் விழுந்தது.

"ரத்தக்குழாய் தானா வெடிச்சிருக்கும்மா, வயசானவரு" என்றார் வைகுண்டமணி. அவருக்கும் அதே நோய். தன் சட்டையைத் தூக்கி, விலாவில் தொங்கும் பையை ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டவர்.

"வயசானவரா? காலையில சாம்பார் பத்தலன்னு கேன்டீன்காரன் சட்டையப் புடிச்சாரு, டாக்டர். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்திய?"

ரோசலிக்கு வக்கீல் தனிஸ்லாஸ் நினைவு வந்தது. சோதனைக்காக அட்டை பொருத்தப்பட்டவர்களில் அன்றுவரை செத்துப்போனது அவர் ஒருவர்தான். நீதிமன்றத்தில் ஒரு தடை உத்தரவு கேட்டு வாதாடிக்கொண்டிருந்தபோதே ரத்தம் கக்கி விழுந்தார். காரணம் யாருக்கும் தெரியவில்லை.

அவள் உதட்டுக்குள் மெல்ல, "தட..." என்றாள்.

விலாவுக்குள் ஒரு நடுக்கம். பாரத்தைத் தூக்குமுன் இரும்புக் கயிற்றில் ஓடுமே, அந்த நடுக்கம் அவளுக்கு நன்றாகத் தெரியும். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டர், இதுக்குத் தமிழ் எங்கேருந்து சொல்லிக் குடுத்திய?"

"மருத்துவ நூல்லேருந்து. சுத்தமான தமிழ்."

"நாங்க அடைப்புன்னு சொல்லுதோம். முழுசா அடைச்சுக்கிட்டா உங்க நூல்ல அதுக்கு என்ன வார்த்த?"

"அதுக்கா? முழு அடைப்புன்னா அதுக்குப் பேரு..." வைகுண்டமணி வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். கை தானாகத் தன் விலாவைப் பொத்தியது. அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை.

எனக்குத் தடை உண்டு. சங்கரபாண்டி மன்றத்திடம் சொன்னதை அவர் ஈரலுக்குள் இருந்தது கேட்டுக்கொண்டது. பாவம், தன் நோயாளி தனக்குள் தடை இருக்கிறது என்கிறாரே என்று முழு பலத்தோடு துளைத்தது. அதற்கு ஒரு வஞ்சமும் இல்லை.

கண்ணாடி மறுபடி அதிர்ந்தது. படகோட்டி லூர்து ஒரு நங்கூரத்தைத் தலைக்குமேல் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தான். பின்னால் தள்ளுவண்டியில் அவன் மனைவி செல்வராணி மூச்சு வாங்கக் கிடந்தாள்.

ரோசலி பதிவியின் முன் போய் நின்றாள். "ஆட்சேபணை இருக்கு."

"ஏற்கப்படவில்லை. தடை உண்டா, தடையில்லையா?"

"வேண்டாம். இந்தக் குழல் வேண்டாம்."

"ஏற்கப்படவில்லை."

"நாசமாப்போற தகரமே, மாட்டேன்னு சொல்லுதேன்! மாட்டேன்!"

"ஏற்கப்படவில்லை. நேரம் முடிகிறது."

நங்கூரம் கண்ணாடியைப் பிளந்தது. ஓட்டைவழியே வந்த கல் அவள் நெற்றியில் பட்டது. ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. "ஏ ரோசலி! உனக்கு மட்டும் உள்ள குழல் ஓடணும், எம் பொண்டாட்டி சாவணுமா?" என்று லூர்து ஓட்டைக்குள் முகத்தை வைத்துக் கத்தினான். கண்ணாடி அவன் கன்னத்தைக் கிழித்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"லூர்து, கேளுல, அது ஆளைக்..."

கூச்சலில் யாருக்குக் கேட்கும்?

ரோசலி சேலையை விலக்கினாள். குழலின் வெளிமுனையைக் கையில் சுற்றிக்கொண்டாள். "அம்மா, வேண்டாம்! பல்லு இருக்கு, ஈரலையே கிழிச்சிரும்!" என்று வைகுண்டமணி ஓடிவந்தார். அவரை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு அவள் இழுத்தாள். ஒரே இழுப்பில் வரவில்லை. காலை மேசையில் ஊன்றிக்கொண்டு மறுபடி இழுத்தாள். பச்சையும் சிவப்புமாக ஒரு பீறல் அடித்து, சதைத் துணுக்குகளோடு குழல் வெளியே வந்தது.

அதை மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பதிவியைப் பார்த்துச் சொன்னாள். "எனக்குத் தடை உண்டு."

கை எலும்புவழியே கேட்ட குழல் அவள் உள்ளங்கைக்குள் புகுந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"எனக்குத் தடை உண்டு."

அது புறங்கையில் எட்டிப்பார்த்துத் திரும்பி, மேசைக்குள் இறங்கியது. மரத்தூளும் எலும்புத்தூளும் சேர்ந்து பறந்தன.

"எனக்கு... தடை உண்டு!"

பதிவி சொன்னது: "மும்முறை பதிவானது. சொன்னவர் ஈரலில் கருவி இல்லை. எனவே அவர் மெய்ந்நடுவர் அல்லர். ஏற்கப்படவில்லை. கருவி அணிந்தவர் வேறு எவரேனும் மன்றத்தில் உளரா?"

அதன் கண் மெதுவாக வைகுண்டமணி பக்கம் திரும்பியது.

மேசையோடு அறையப்பட்ட கையோடு ரோசலி சொன்னாள்: "டாக்டர், உங்களுக்கு அந்த வார்த்த வேண்டாம். மனுவைத் திரும்ப வாங்கிக்கிடுதேன்னு சொல்லுங்க. செஞ்சவரு சொன்னா சட்டம் கேக்கும். அது போதும்."

உண்மைதான். அந்த வாக்கியத்தில் பல் இல்லை. வைகுண்டமணி வாயைத் திறந்தார். அப்போது கண்ணாடிச் சுவர் முழுதாக உடைந்து விழுந்தது. நங்கூரத்தைப் பார்த்தார். அதன் பின்னால் வந்த முகங்களைப் பார்த்தார். சிவந்த உப்பை அவரும் சின்ன வயதில் பார்த்தவர்தான்.

"எனக்குத் தடையில்லை" என்றார். அவர் விலாவுக்குள் குழல் ஒருமுறை சிலிர்த்து, பூனைபோலச் சுருண்டது. "எனக்குத் தடையில்லை. எனக்குத் தடையில்லை!" மூன்றாவது முறை அழுகையாக வந்தது.

"ஏற்கப்பட்டது" என்றது பதிவி.

ஊர் பாய்ந்து உள்ளே வந்தது. வைகுண்டமணியைத் தோளில் தூக்கிக்கொண்டது. சங்கரபாண்டியின் உடலை யாரோ மிதித்துக்கொண்டு போனார்கள். லூர்து ரோசலியின் விலாவிலேயே உதைத்தான், கிழிந்த இடத்தில். அவள் விழுந்தாள், மேசையில் அறைந்த கை மட்டும் விழாமல் மேலேயே நின்றது. "உன் வீட்டுக்காரிட்ட சொல்லுல..." என்று அவள் முனகினாள். "தடைன்னு மட்டும்..." மீதியைச் சொல்ல மூச்சு இல்லை.

லூர்து சிரித்தான். ஆனால் அந்தக் கையில் நுழைந்து மரத்தில் ஏறியிருந்த குழலை அவன் பார்த்துவிட்டான்.

செல்வராணி பிழைத்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். கண் வெளுத்தது, பசி எடுத்தது, சாளை மீன் பொரித்துத் தின்றாள். ஊரே பிழைத்தது. அப்புறம் அங்கங்கே சிலர் ரத்தம் கக்கி விழுந்தார்கள். விசாரித்தால் ஏதாவது ஒரு கூட்டத்தில் எழுந்து நின்ற ஆளாக இருப்பார். வெளியே யாரும் பேசவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு அந்த ஒரு வார்த்தை செத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடத் தடை தாண்டும் ஓட்டத்தைக் குச்சி தாண்டும் ஓட்டம் என்றார்கள்.

வார்த்தையை மாற்றலாமே, குழலைத் திருத்தலாமே என்று கேட்பீர்கள். கேட்கவேண்டியதுதான். மாற்றவேண்டுமென்றால் யாராவது மன்றத்தில் எழுந்து தடை சொல்லவேண்டும். சொல்லும் உரிமை குழல் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. அந்தச் சட்டம் நன்றாக இருக்கிறதென்று அரசாங்கம் அதை எல்லாக் காரியங்களுக்கும் விரித்தது. எந்தக் கேடு வந்தாலும் அதைத் தன் உடம்பில் சுமப்பவரே பேசட்டும், மற்றவர்கள் வாய் வைக்கவேண்டாம் என்றது.

ஒருநாள் துறைமுகத்தை அகலப்படுத்த லூர்துவின் தெருவை இடிக்கப்போவதாக விசாரணை வைத்தார்கள். கெட்ட தண்ணீரில் நோயுற்ற தெரு அது; உடம்பில் கேடு சுமக்காத லூர்துவுக்கு அங்கே பேச உரிமை இல்லை. பேச உரிமையுள்ளவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள், விலாவில் பையோடு.

"தடை உண்டா, தடையில்லையா?" என்று பதிவி கேட்டது.

செல்வராணி எழுந்தாள்.

"ஏ, உக்காருட்டி" என்று லூர்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"என்னங்க, வீடு போன பெறவு இந்த ஈரல் எதுக்கு? ரோசலிக்கா கையைப் பாத்தேன்னு தூக்கத்துல நீங்கதான் பொலம்புதிய. எனக்கு எல்லாம் தெரியும்." பதிவியைப் பார்த்துத் திரும்பினாள். "எனக்குத்..."

லூர்து பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். அவள் கடித்தாள். அவன் விரல் நடுவில் பல் இறங்கியது. அவன் விடவில்லை. அவள் தலையைத் தன் மார்போடு நெரித்துக்கொண்டு, அலறாமல், அழுதுகொண்டு நின்றான். அவன் ரத்தம் அவள் தாடைவழியே வழிந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தங்கள் தங்கள் விலாவில் கை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

"எவரும் வாய் திறக்கவில்லை" என்றது பதிவி. "தடையில்லை. ஏற்கப்பட்டது."

வெளியே இடிக்கும் இயந்திரங்கள் உறுமத் தொடங்கின.

அவ்வளவுதான், கண்ணுகளா. கையை விடுங்கள், முடிந்தது. உங்கள் வீட்டில் யாருக்கும் கண் மஞ்சளிக்காமல் இருக்கட்டும். குடிக்கும் தண்ணீர் தெளிவாக இருக்கட்டும். முடியாது என்று எழுந்து நின்ற பிள்ளையின் வாயைப் பொத்தாமல், உட்காரவைத்துச் சோறு போட்டு, என்னவென்று கேட்கும் வீடாக உங்கள் வீடு என்றும் இருக்கட்டும்.