மன்னிப்புக் கேட்க மலையேறிய பெட்டி

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆனி மாதம் சேர்வராயன் மலை ஒண்டிக்கடையில் இறங்கிய பனி சாதாரணப் பனி அல்ல. சேலம் பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் கதவைத் திறந்து, பனியை இரண்டு கையாலும் ஒதுக்கிவிட்ட பிறகுதான் சனங்கள் இறங்க முடிந்தது. அந்தப் பனியின் மேல் சாய்ந்துகொண்டு ஊர்ப் பெரியவர் முனியப்பன் பீடி குடித்தார் என்று சொல்வார்கள். அது பொய். அவருக்குப் பீடிப் பழக்கமே கிடையாது.

அந்தப் பனிக்குள் ஒரு பலாப்பழமும் ஒரு கம்ப்யூட்டரும் மோதிக்கொண்டன.

பழத்தைச் சுமந்து வந்தவள் கண்ணாயி, மலை விவசாயி ஐயாக்கண்ணுவின் மகள். பெட்டியைச் சுமந்து வந்தவன் பொன்னுவேல், சேலத்துப் பையன்.

"ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?"

"பனிங்க..."

"எம்பழத்துக்கும் அதே பனிதானுங்க. அது ஒழுங்காத்தான வந்துச்சு!"

சடசடவென்று மழை பிடித்தது. பொன்னுவேல் அவசரமாகக் குடையை விரித்து... பெட்டிக்குப் பிடித்தான்.

அவள் சிரித்துவிட்டாள். "ஆளு நனையறாரு, பொட்டிக்குக் கொடை! உள்ளார என்னங்க, சாமியா?"

"கம்ப்யூட்டருங்க. எதைக் கேட்டாலும் பதில் சொல்லும். யாரு வேணா வந்து கேக்கலாம், காசு வேண்டாம். தெரிஞ்சவங்க அதுக்குச் சொல்லியும் குடுக்கலாம்."

"எதைக் கேட்டாலுமா?"

அந்தக் கண்கள்... இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது. பொன்னுவேல் யோசிக்கவில்லை. விழுந்துவிட்டான்.

அடுத்த வாரம் கடைவீதி அறையில் பெட்டி பதில் சொல்லத் தொடங்கியதும், கண்ணாயி அப்பாவையும் பாதி ஊரையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"பொண்ணுக்குக் கண்ணாலம் பண்ணோணும்னா மொதல்ல என்ன பண்ணோணும்?" என்று கேட்டார் ஐயாக்கண்ணு.

பொன்னுவேல் தட்டினான். திரையில் பளிச்சென்று வந்தது: 'பெண் வீட்டார் எத்தனை சவரன் போடுவார்கள் என்று பேசி முடிக்க வேண்டும்.'

அந்த மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பரியப் பணம் கொடுத்துப் பெண் கேட்டு வர வேண்டும். ஐயாக்கண்ணுவின் மீசை துடித்த துடிப்பில் மேசை மேலிருந்த டீ ஆறிப்போனது.

"எம்புள்ளையையும் குடுத்து நகையும் நாங்களே போடோணுமா?"

பொன்னுவேல் அப்போதே 'தப்புங்க' என்றிருக்கலாம். வீம்பு விடவில்லை. "பெட்டி தப்பாச் சொல்லாதுங்க. ஆயிரம் பேரு சொல்லிக் குடுத்தது."

"அந்த ஆயிரத்துல ஒருத்தராச்சும் மலைக்காரருங்களா?" என்றாள் கண்ணாயி. "எங்களக் கேக்காமயே எங்களுக்குப் பதில் வெச்சிருக்குது... உங்களாட்டமே!"

விருட்டென்று போய்விட்டாள்.

அதன்பிறகு ஓர் ஈ கூட அந்த அறைக்கு வரவில்லை. இப்படியே போனால் பெட்டியும் நீயும் சேலத்துக்குத் திரும்பிவிடுங்கள் என்று பெட்டியை அனுப்பிய நிறுவனத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். சேலமா... அங்கே கண்ணாயி இல்லையே! வீம்பைச் சுருட்டி வைத்துவிட்டு, ஐயாக்கண்ணு வீட்டு வாசலில் போய் நின்றான்.

"தப்புதானுங்க."

"தப்பாப் பேசுனது நீயில்ல சாமி, பொட்டி. எங்கூர்ல தப்புப் பண்ணுனவங்க ஊர் முன்னால உழுந்து கும்புடோணும். அதையே வரச்சொல்லு."

உள்ளே கதவோரம் ஒரு வளையல் சத்தம்... சிரிப்பை அடக்குகிற சத்தம்!

அறையைப் பூட்டிக்கொண்டு பெட்டியோடு மல்லுக்கட்டினான் பொன்னுவேல். ஞாயிற்றுக்கிழமை பெட்டி ஜீப்பில் ஏறி ஐயாக்கண்ணுவின் ஊர் போய்ச் சேர்ந்தது. மைக்செட்டுக்காரர் கரண்டுக்கு வயர் இழுத்துக் கொடுத்தார். கோயில் முன்னால் ஊரே கூடியிருக்க, ஐயாக்கண்ணு அதே கேள்வியைக் கேட்டார்.

'எந்த ஊர் வழக்கம்?' என்று பெட்டி திருப்பிக் கேட்டது.

"மலை வழக்கம்!"

திரையில் வந்ததைக் கண்ணாயிதான் சத்தமாகப் படித்தாள். 'எனக்குத் தெரியாது. தெரியாமல் பேசியது தப்பு. மன்னித்து, சொல்லிக் கொடுங்கள்.'

ஊர் முகத்தில் திருப்தி. முனியப்பன் மட்டும் விடவில்லை. "செரி, கும்புடறது? கையுங் காணோம், காலுங் காணோம். கவுத்துப் போட்டரலாமா?"

பதறிப்போன பொன்னுவேல் பெட்டிக்குப் பதிலாகத் தானே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். விழுந்த வேகத்தில் சேர்வராயன் மலை ஓர் அங்குலம் தாழ்ந்தது. சந்தேகமிருந்தால் அளந்து பார்க்கலாம்.

பிறகு பெட்டிக்குப் பாடம் எடுக்க ஊர் முண்டியடித்தது. இந்த ஊர்க்காரர் ஒன்று சொல்ல, "எங்கூர்ல அப்பிடி இல்லீங்க" என்று பக்கத்து ஊர்க்காரர் வேறொன்று சொன்னார். பெட்டி எதையும் அழிக்கவில்லை. ஒவ்வொன்றையும் அந்தந்த ஊர்ப் பேரோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டது.

கூட்டம் சாப்பிடப் போனதும் பொன்னுவேல் மெல்லத் தட்டினான்: 'மாப்பிள்ளை மலைக்குக் கீழே உள்ள ஊர்க்காரனாக இருந்தால்?'

'எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுங்கள்.'

அதைப் படித்த கண்ணாயியின் காது மடல் சிவந்தது.

"யாருக்குங்க இந்தக் கேள்வி?"

"எனக்குத்தாங்க... எனக்கு உங்களை நொம்பப் புடிச்சிருக்குது. பரியத்தோட வந்தா உங்கப்பா சம்மதிப்பாருங்களா?"

"அப்பன் என்னையத்தான் கேப்பாரு."

"கேட்டா... என்ன சொல்லுவீங்க?"

அவள் தாவணி நுனியை விரலில் சுற்றினாள். நிமிர்ந்து, அவனை நேராகப் பார்த்தாள்.

"பதிலு எனக்கு நொம்ப நாளாத் தெரியுமுங்க... நீங்கதான் என்னையக் கேக்காம, பொட்டியவே கேட்டுக்கிட்டிருந்தீங்க!"