பட்டனை அழுத்தியது யார்?

"சிஸ்டர்...! அவரு மூச்சு விடலை!"

அலறல் கேட்டதும் சிஸ்டர் பறந்தாள். வார்டில் அவளுக்குப் பட்டப்பெயர் 'துப்பறியும் சிஸ்டர்'. காலையில்கூட, காணாமல்போன ஒரு தெர்மாமீட்டருக்காக ஆயாக்களை எல்லாம் குறுக்கு விசாரணை செய்தவள். அது அவள் பாக்கெட்டிலேயே இருந்தது. அது வேறு விஷயம்!

கட்டிலில், ஆபரேஷன் முடிந்த பெரியவர். உதடு நீலம். மூச்சு எப்போதாவது ஒன்று...

தலைமாட்டில் அழும் மனைவி. ஜன்னலோரம் மருமகன். மாமனாருக்கும் மருமகனுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது வார்டுக்கே தெரியும்.

"நெஞ்சை அழுத்துங்க சிஸ்டர்!" என்றான் மருமகன்.

அவள் கழுத்தைத் தொட்டாள். நாடி இருந்தது! இமையைத் தூக்கினாள். கண்மணி ஊசிமுனை அளவு.

நெஞ்சை அழுத்தக் கூடாது... வலி மருந்து அதிகமாகியிருக்கிறது!

பட்டனை அழுத்தினால் நரம்பில் வலி மருந்து ஏற்றும் பம்ப்பை நிறுத்தினாள். தாடையைத் தூக்கி, மாஸ்க்கை வைத்து, மூச்சுப் பையை அமுக்கினாள்.

"டாக்டர்! மாற்று மருந்து! சீக்கிரம்!"

ஓடி வந்த டாக்டர் ஊசி போட்டார்.

பெரியவரே... போயிடாதீங்க...

பெரியவர் இருமினார்! சிஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்ததும் துப்பறியும் மூளை விழித்துக்கொண்டது.

"டாக்டர், இது கொலை முயற்சி! வலி மருந்து பட்டனை நோயாளி மட்டும்தான் அழுத்தணும். தூங்கிட்டா கை அழுத்தாது, மருந்தும் போகாது. இவரு தூங்கறப்ப வேற யாரோ அழுத்தியிருக்காங்க!" மருமகனை முறைத்தாள். "யாருன்னு சொல்லவா?"

"நான் இப்பத்தான் வந்தேன் சிஸ்டர்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க!"

"நான்தாம்மா அழுத்தினேன்," என்றாள் மனைவி.



"நீங்களா...? கட்டின புருஷனையா?"

"பின்ன? அவரு தூக்கத்துல முனகறப்பெல்லாம் அழுத்தினேன். நீங்க வரவே இல்லை. மறுபடி மறுபடி அழுத்தினேன்... 'இதை அழுத்தினா நான் ஓடி வருவேன்'னு நீங்கதானே என் கையில குடுத்துட்டுப் போனீங்க!"

சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள். நர்ஸைக் கூப்பிடும் பட்டன் சுவர்க் கொக்கியில், யாரும் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் பக்கத்திலிருந்த வலி மருந்து பட்டனை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்!

முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டர் மெல்லக் கேட்டார். "ஆக... குற்றவாளி யாரு சிஸ்டர்?"

"பிடிச்சாச்சு டாக்டர்..." சரியான பட்டனை எடுத்து மனைவியின் கையில் வைத்தாள். "ஆளு எங்கேயும் தப்பிச்சு ஓட முடியாது. டியூட்டி முடிய இன்னும் அரை நாள் இருக்கு!"